மென்பொருள் சிந்தசைசர்: எளியதா, வசதிகள் நிறைந்ததா? தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே கணினியில் இசையமைக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லா வசதிகளும் நிறைந்த பெரிய சிந்தசைசர் (ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் மென்பொருள்) ஒன்றை வாங்கிவிடலாமா, அல்லது எளிமையான ஒன்றில் தொடங்கலாமா? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடும் வழியில் அவர்கள் செய்யும் பிழைகள், என் தலைமுறையில் தொடங்கியவர்கள், நான் உட்பட, செய்த அதே பிழைகளாக இருப்பதைப் பார்க்கும்போது இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டு முடிவெடுப்பது, தங்கள் இயங்குதளத்தில் ஓடுமா என்று பாராமல் வாங்குவது போன்றவற்றை ஒருமுறை பட்டவுடன் எவரும் திருத்திக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பட்ட பிறகும் பட்டது தெரியாமலே தொடரும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

வசதிகளை எண்ணிப் பார்த்து வாங்குவது

சர்ஜ் என்னும் சிந்தசைசரில் ஓர் ஒலியை இரண்டு அடுக்குகளாக அமைக்கலாம். ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று ஆசிலேட்டர்கள் (அடிப்படை ஒலி அலையை உருவாக்கும் பகுதிகள்) உண்டு. வைட்டல் என்னும் இன்னொன்றில், சேமித்த அலைவடிவங்களிலிருந்து ஒலி எழுப்பும் மூன்று வேவ்டேபிள் ஆசிலேட்டர்களும் பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் ஒரு சாம்ப்ளரும் இருக்கின்றன. இவற்றின் பக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106-ஐ வைத்தால் அது மிக எளியதாகத் தெரியும்: ஒரு குரலுக்கு (அதாவது ஒலிக்கும் ஒரு சுரத்துக்கு) ஓர் ஆசிலேட்டர், அதற்குத் துணையாகக் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் ஒரு சப் ஆசிலேட்டர், ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் ஓர் என்வலப், ஒரே நேரத்தில் மொத்தம் ஆறு குரல்கள். இருந்தும் அதன் வடிவமைப்பைப் பின்பற்றும் மென்பொருள்களை இன்றும் மக்கள் தேடிச் சென்று பயன்படுத்துகிறார்கள். முகப்பில் உள்ள ஒவ்வொரு நகர்த்தியும் ஒரே ஒரு வேலையைச் செய்வதும், அதை நகர்த்திய கணமே காது அதன் விளைவைக் கேட்பதும்தான் அதற்குக் காரணம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் யமஹாவின் டி.எக்ஸ்.7. 1983-இல் வந்த அந்தக் கருவியில் ஆறு ஆபரேட்டர்கள் (அலை உருவாக்கிகள்), அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் 32 அல்காரிதங்கள், 16 குரல்கள் இருந்தன. ஆனால் அவை அனைத்தையும் பொத்தான்கள், ஒற்றை நகர்த்தி, சிறு திரை ஆகியவற்றின் வழியாகத்தான் அணுக முடிந்தது. அதனால் அதை வாசித்தவர்களில் பெரும்பாலோர் கருவியோடு வந்த ஒலிகளுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். வசதி இருப்பதும் அந்த வசதி கைக்கு எட்டுவதும் வேறு வேறு. ஒரு சிந்தசைசரை மதிப்பிடும்போது, மெட்டமைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யோசிக்காமல் என் கை எந்தெந்தத் திருகிகளுக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல் எத்தனை வசதிகள் உள்ளன என்ற பட்டியலைவிட மிகச் சிறியதாக இருக்கும்.

எஃபெக்ட்டைச் சிந்தசைசரின் குரலாக எண்ணுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணமும் மாதக்கணக்கான நேரமும் இதில்தான் அதிகமாக வீணாகின்றன என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய சிந்தசைசர்களோடு வரும் பிரீசெட்டுகளை, அதாவது முன்பே அமைத்த ஒலிகளை, வடிவமைப்பவர்களுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. கேட்பவர் ஒரு விசையை அழுத்தி இரண்டு நொடி கேட்டுவிட்டு அடுத்த ஒலிக்குப் போய்விடுவார். அந்த இரண்டு நொடிக்குள் அவரைக் கட்டிப்போட வேண்டும். ஆகவே ஆசிலேட்டரும், அதன் ஒலியில் சில பகுதிகளை வடிகட்டும் ஃபில்டரும் செய்யும் வேலைக்கு மேல் ரிவர்ப் (அரங்க எதிரொலி), டிலே (தாமதித்துத் திரும்பும் ஒலி), கோரஸ் (ஒலியைத் தடிமனாக்குவது), ஒரே சுரத்தின் பல நகல்களாக இருபுறமும் விரியும் யூனிசன், கடைசியில் எல்லாவற்றையும் இறுக்கி உயர்த்தும் கம்ப்ரெஸர் என்று வரிசையாகச் சேர்க்கிறார்கள். எளிய சிந்தசைசர்கள் பலவற்றிலோ இவற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும், அல்லது எதுவும் இராது. ஆசிலேட்டரின் ஒலி ஃபில்டரைக் கடந்து நேராக வெளியே வருகிறது. தொடக்கநிலையாளர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, பெரியது கனமாக ஒலிக்கிறது, சிறியது மெலிந்து ஒலிக்கிறது என்று தீர்ப்பளித்துவிடுகிறார். குழம்பு ஊற்றிய சோற்றையும் வெறும் சோற்றையும் உண்டு பார்த்து அரிசியின் தரத்தை முடிவு செய்வது போன்றது இது.

ஓர் இளைஞர் தம் பாடலின் ப்ராஜெக்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாடகரின் குரல் எவ்வளவு உயர்த்தினாலும் பின்னால் எங்கோ ஒலிக்கிறது, தமக்கு மிக்ஸிங் தெரியாததுதான் காரணம் என்று வருந்தினார். ட்ராக்குகளைத் திறந்து பார்த்தால், பேட் (பின்னணியில் நீளும் ஒலி), பேஸ், லீட் (முன்னணி மெட்டு), ஆர்ப்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) என்று எல்லாமே அவர் சேமித்த பணத்தில் வாங்கிய ஒரே பெரிய சிந்தசைசரின் பிரீசெட்டுகள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெரிய அரங்கத்தின் ரிவர்பைச் சுமந்துகொண்டிருந்தது. பேஸ் ஒலியில்கூடக் கோரஸ் இருந்ததால், மோனோவில் (இடது வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து) கேட்டபோது அதன் அடிநாதம் பாதி மறைந்துபோயிற்று. நான் ஒவ்வொரு ட்ராக்கிலும் எஃபெக்ட் பகுதியை மட்டும் அணைத்தேன். இதைப் போன்ற ஒலி வேறெதிலும் வராது என்று அவர் நம்பியிருந்த பேட், சற்றே சுருதி விலக்கிய இரண்டு ரம்ப அலைகளும் மெல்லத் திறக்கும், உயர் ஒலிகளைத் தடுக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டருமாக மிஞ்சியது. அதே ஒலியை இலவசமான ஓர் எளிய சிந்தசைசரில் அவர் கண்ணெதிரே அமைத்து, எல்லா ட்ராக்குகளுக்கும் பொதுவான ஒரே ரிவர்புக்கு அனுப்பினோம். குரல் முன்னால் வந்து நின்றது.

அவர் வாங்கிய மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை. அது மிக நல்ல கருவி. எஃபெக்ட் பகுதியை அணைத்துவிட்டுக் கேள் என்று வாங்குவதற்கு முன்பு ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆகவே எந்த இரண்டு சிந்தசைசர்களை ஒப்பிட்டாலும், முதலில் இரண்டிலும் வெறுமையான தொடக்க ஒலியை, அதாவது இனிட் பேட்ச்சை, எடுத்துக்கொள்ளுங்கள். எஃபெக்டுகள் அனைத்தையும் அணையுங்கள். மீட்டரைப் பார்த்து இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்துங்கள். ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு ரம்ப அலையைத் தாழ்ந்த ஸ்தாயியில் நீட்டிப் பிடித்து, ஃபில்டரின் கட்-ஆஃபை (வடிகட்டத் தொடங்கும் எல்லையை) மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள்: ஒலி வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா, படிப்படியாகத் தடுக்கி இறங்குகிறதா? அந்த எல்லையருகே ஒலியை உயர்த்தும் ரெசொனன்ஸை ஏற்றினால் அடிநாதம் எவ்வளவு குறைகிறது? என்வலப்பின் அட்டாக்கை (ஒலி எழ எடுக்கும் நேரத்தை) முழுவதும் குறைத்தால் தொடக்கம் கூர்மையாக இருக்கிறதா?

அடுத்து மிக உயர்ந்த ஸ்தாயிக்குப் போய், ஒரு விசையை அழுத்தியபடி பிட்ச் வீலை மெல்ல மேலே தள்ளுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மேல்சுரங்களுக்கு இடமில்லை. கவனமின்றி எழுதப்பட்ட ஆசிலேட்டரில் அவை மடங்கிக் கீழே திரும்பி வரும். சுருதி மேலே ஏறும்போது பின்னணியில் வேறு சில ஒலிகள் எதிர்த்திசையில் கீழே இறங்குவது கேட்டால் அதுதான் அலையாசிங். பிரீசெட்டின் ரிவர்புக்குள் இது பல நேரம் ஒளிந்துகொள்ளும். மிக்ஸில் காரணம் புரியாத கரகரப்பாக வெளிப்படும். இந்தச் சோதனைகளில் எளிய சிந்தசைசர் ஒன்று விலை மிகுந்த ஒன்றை வெல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், தோற்பதையும் கேட்டிருக்கிறேன்.

எஃபெக்டுகளே கூடாது என்பதல்ல என் வாதம். ஜூனோவின் புகழில் பெரும்பங்கு அதன் கோரஸுக்கு உரியது; அதை அணைத்துவிட்டால் அந்தக் கருவி வெகு சாதாரணமாக ஒலிக்கும் என்பதை அதன் அன்பர்களே ஒப்புக்கொள்வார்கள். அங்கே கோரஸ் கருவியின் ஓர் உறுப்பு. ஆனால் எது ஆசிலேட்டர் செய்தது, எது கோரஸ் செய்தது என்று பிரித்தறிந்தவருக்கு, தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வேறொரு சிந்தசைசருக்குப் பின்னால் ஒரு கோரஸை வைத்தால் போதுமா என்று முடிவெடுக்க முடிகிறது. பிரித்தறியாதவர் கோரஸுக்காகச் சிந்தசைசரையே வாங்குகிறார்.

விலையை வைத்துத் திறனை ஊகிப்பது

சர்ஜ் 2018-இல் திறந்த மூல மென்பொருளாக்கப்பட்டது. 2020-இல் வந்த வைட்டலின் இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பில் உள்ள அதே இயந்திரம்தான் இயங்குகிறது. அதில் குறைவது பிரீசெட்டுகளும் வேவ்டேபிள்களும். வசதிகள் மிகுந்தது விலை மிகுந்தது என்ற கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

எளிய முகப்பு என்றால் கணினிக்குச் சுமை குறைவு என்று நம்புவது

பெர்லினில் உருவான டிவா என்னும் சிந்தசைசரைத் திறந்தால் பழைய அனலாக் கருவிகளைப் போல எல்லாம் கண்முன்னே ஒரே முகப்பில் தெரியும். ஆனால் அந்தக் கருவிகளின் ஃபில்டர் மின்சுற்றுகளை நுணுக்கமாகக் கணக்கிட்டுப் போலச்செய்வதால், அது கணினியைக் கடுமையாக உழைக்க வைப்பதற்குப் பெயர்பெற்றது; அதனால்தான் துல்லியத்தைக் கூட்டிக் குறைக்கும் நிலைகளை அதிலேயே வைத்திருக்கிறார்கள். இசையமைக்கும்போது தாழ்ந்த நிலையிலும், இறுதியாக ரெண்டர் செய்யும்போது உயர்ந்த நிலையிலும் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய சிந்தசைசரில் சுமை வேறு வழியில் ஏறுகிறது. சீரம் என்னும் சிந்தசைசரில் ஓர் ஆசிலேட்டருக்கு 16 யூனிசன் குரல்கள் வரை வைக்கலாம். இரண்டு ஆசிலேட்டர்களில் அப்படி வைத்து நான்கு சுரங்கள் கொண்ட கார்டு ஒன்றை வாசித்தால், கணினி ஒரே நேரத்தில் 128 அலைகளை உருவாக்க வேண்டும். ஒலி தடுக்கத் தொடங்கியதும் பலர் பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கணக்கிடும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) ஏற்றுகிறார்கள். 256 மாதிரிகளில் சுமார் 5.8 மில்லி நொடியாக இருந்த தாமதம் 1,024-இல் 23 மில்லி நொடியைத் தாண்டிவிடும்; விசையை அழுத்தும் விரல் அதை உடனே உணரும். யூனிசனை நான்காகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். முழு மிக்ஸில் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது.

ஒரே வேலைக்குப் பல சிந்தசைசர்களைக் குவிப்பது

ஒன்றை ஒரு மாதமாவது வாசித்துவிட்டு அடுத்ததைத் திறக்கவும்.

சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தாமல் வாங்குவது

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைத் தருகிறார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

எளிமையே எப்போதும் போதும் என்று முடிவுகட்டுவது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒற்றை ஆசிலேட்டர் சிந்தசைசருக்கு மாறிவிட வேண்டும் என்று யாரும் எண்ணக் கூடாது. சில தேவைகளை எளிய கருவிகள் உண்மையிலேயே நிறைவேற்ற மாட்டா. நம் ஊரில் கமகத்தோடு வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். பல சிந்தசைசர்களில் பிட்ச் வீலின் எல்லை தொடக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு செமிடோன்கள்தான்; ஒரு சிறு கம்பிதத்துக்கு அது போதும், ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போகும் ஜாருவுக்கு ஏழு வேண்டும். எல்லையை மாற்றிக்கொள்ள இடம் தராத கருவியை அப்போதே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்க உதவும் எம்.பி.இ. கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு அதை ஏற்கும் சிந்தசைசர் தேவை, சர்ஜின் பிந்தைய பதிப்பான சர்ஜ் எக்ஸ்.டி., வைட்டல் இரண்டும் ஏற்கின்றன. பன்னிரண்டு சமப் பகுப்பைத் தாண்டிய சுருதி அமைப்பு வேண்டுமென்றால் அதை விவரிக்கும் ஸ்காலா கோப்புகளையும் சர்ஜ் எக்ஸ்.டி. படிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மோனோ நிலையில் லெகாட்டோ இருக்கிறதா என்பதை. அது இருந்தால், ஒரு விசையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது என்வலப் மறுபடி தொடங்காமல் சுருதி மட்டும் கிளைடு வழியாக வழுக்கி நகரும். அது இல்லாத சிந்தசைசரில் ஒவ்வொரு சுரமும் புதிய அட்டாக்குடன் தொடங்குவதால், ஜாரு என்று நீங்கள் வாசிப்பது தனித்தனியாகத் தட்டிய சுரங்களாகவே கேட்கும். பின்னால் எந்த எஃபெக்டைச் சேர்த்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.