பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர் அடுத்த தேர்தலில் வெல்வாரா: கணித்துப் பார்க்கும் முறை

2017இல் ஜெரமி கோர்பினின் தலைமையில் பிரிட்டனின் தொழிற்கட்சி 40 விழுக்காடு வாக்குகளைப் பெற்றுத் தோற்றது. 2024இல் கியர் ஸ்டார்மரின் தலைமையில் அதே கட்சி 33.7 விழுக்காடு மட்டுமே பெற்று, 411 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. தோற்றவருக்கு ஒரு கோடியே 28 லட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். வென்றவருக்கு ஏறக்குறைய 97 லட்சம் பேர். ஓர் எதிர்க்கட்சித் தலைவர் பிரதமராவாரா என்று கணிக்க விரும்புகிறவர் இந்த இரு முடிவுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. தலைவரின் பேச்சாற்றலையும் செல்வாக்கையும் முதலில் எடைபோடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். பிரிட்டனைப் பொறுத்தவரை அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே சரி என்பது என் எண்ணம்.

எதை வெற்றி என்று கொள்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மக்களவையில் 650 இடங்கள் இருப்பதால் தனிப்பெரும்பான்மைக்கு 326 தேவை. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சியினர் வென்றாலும் அவைக்குச் செல்வதில்லை. 2024இல் அவர்கள் ஏழு பேர். அவைத்தலைவரும் பொதுவாக வாக்களிப்பதில்லை. ஆகவே நடைமுறையில் 322 பேர் இருந்தாலே ஆட்சி நடத்திவிடலாம். அதற்கும் குறைவாகப் பெற்றுப் பிரதமராவதும் உண்டு. 2005இல் 198 இடங்களோடு நின்றுவிட்ட கன்சர்வேட்டிவ் கட்சியை 2010இல் டேவிட் கேமரன் 306 வரை உயர்த்தியும் பெரும்பான்மை எட்டவில்லை. 57 இடங்கள் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட்டுகளுடன் கூட்டணி அமைத்தே அவர் பிரதமரானார். எனவே எதிர்க்கட்சியின் இன்றைய இடங்களுக்கும் 326க்கும் உள்ள தூரத்தை எழுதிக்கொண்டு, வழியில் நின்றுவிட்டால் கைகொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, வாக்குகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும். தொகுதியில் முதலாவதாக வருபவரே வென்றவர் என்னும் முறை இந்தியாவுக்கு அங்கிருந்தே வந்தது என்பதால், இதன் விசித்திரங்கள் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதியவை அல்ல. 2005இல் தொழிற்கட்சியின் டோனி பிளேர் 35.2 விழுக்காட்டில் வசதியான பெரும்பான்மை பெற்றார். அதைவிடக் கூடுதலாக, 36.1 விழுக்காடு பெற்ற கேமரனுக்கு 2010இல் அது கிடைக்கவில்லை. 2015இல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யூகிப் கட்சி 12.6 விழுக்காடு வாக்குகளுக்கு ஒரே ஓர் இடம் பெற்றது. ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி நாடு தழுவிய கணக்கில் 4.7 விழுக்காடு பெற்று 56 இடங்களை அள்ளியது. ஆகவே, எதிர்க்கட்சி இரண்டாவதாக வந்த தொகுதிகளைத் தோல்வி வித்தியாசம் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துங்கள். வித்தியாசம் 10 விழுக்காடு என்றால், நூற்றுக்கு ஐந்து பேர் அணி மாறினாலே அந்தத் தொகுதி சமநிலைக்கு வந்துவிடும். பெரும்பான்மையைத் தரும் தொகுதி வரிசையில் எங்கே நிற்கிறதோ, அங்கே நூற்றுக்கு எத்தனை பேர் மாற வேண்டும் என்பதே நீங்கள் தேடும் எண். தொகுதி எல்லைகள் இடையில் மாற்றப்பட்டிருந்தால் பழைய முடிவுகளைப் புதிய எல்லைகளுக்கு ஏற்பத் திருத்திய கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த எண்ணோடு நின்றுவிடுவோரே பெரும்பாலும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். எந்த அணியின் வாக்கு சிதறுகிறது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. 1983இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் கட்சி பெற்ற விகிதம் 1979ஐவிடக் குறைந்து 43.9இலிருந்து 42.4 ஆனது, ஆனால் இடங்கள் 339இலிருந்து 397ஆக ஏறின. அவரை எதிர்த்த வாக்குகள் 27.6 விழுக்காடு தொழிற்கட்சிக்கும், 25.4 விழுக்காடு சோஷியல் டெமாக்ரட், லிபரல் கூட்டணிக்கும் எனப் பிரிந்து போனதே காரணம். 2024இல் சிதறல் அப்போது ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சியின் பக்கம் நேர்ந்தது. தொழிற்கட்சியின் வாக்கு விகிதம் 2019ஐவிட ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடுதான் கூடியது. கன்சர்வேட்டிவ் கட்சியோ 43.6இலிருந்து 23.7க்கு விழுந்தது, வலதுசாரி வாக்குகளில் 14.3 விழுக்காட்டை நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி எடுத்துச் சென்றது. ஸ்டார்மர் வென்றார் என்பதைவிட எதிரணி உடைந்தது என்பதே அந்த முடிவுக்குப் பொருத்தமான விளக்கம்.

இவற்றுக்குப் பிறகே கருத்துக்கணிப்புகளைக் கையில் எடுக்க வேண்டும். 1992இல் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்குக்கும் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜருக்கும் இடையே இழுபறி என்றன கணிப்புகள். மேஜர் ஏறக்குறைய எட்டு விழுக்காடு முன்னிலையில் வென்றார். 2015இலும் அதே இழுபறிக் கணிப்பு, அதே பிழை. மாதிரிக்குத் தேர்ந்தவர்களில் தொழிற்கட்சி ஆதரவாளர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு கண்டது. ஒரு நிறுவனத்தின் கணிப்பை நம்பாமல் பல நிறுவனங்களின் சராசரியைப் பாருங்கள். தேர்தலுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்பு எதிர்க்கட்சிக்குக் கிடைக்கும் முன்னிலையில் பெரும் பகுதி கோபத்தின் வெளிப்பாடு என்று எண்ணிக் கழித்துவிடுங்கள்.

இடைத்தேர்தல்களில் உண்மையான வாக்குகள் விழுவதால் அவற்றுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு; அவற்றையும் தேதி பார்த்தே படிக்க வேண்டும். 1990 மார்ச்சில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷர் தொகுதியைத் தொழிற்கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து பறித்தது. 1992 பொதுத்தேர்தலில் திருப்பிக் கொடுத்தது. மாறாக, 2021 மே மாதம் ஹார்ட்டில்பூலை இழந்தபோது ஸ்டார்மரின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். 2023 ஜூலையில் செல்பி தொகுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தை அவரது கட்சி கவிழ்த்தது. அதே நாளில் லண்டனின் அக்ஸ்பிரிட்ஜில், வாகனப் புகைக் கட்டணத்தை எதிர்த்த உள்ளூர் அதிருப்தியால் தொழிற்கட்சி தோற்றது என்பதையும் மறக்கக் கூடாது. ஆளுங்கட்சியின் வாக்காளர் வீட்டில் இருந்துவிட்டாரா, எதிர்க்கட்சிக்கு மாறினாரா, மூன்றாவது கட்சிக்குப் போனாரா என்பதை வாக்குப்பதிவு விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (லண்டனில் சட்டப்படி தங்கியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் காமன்வெல்த் நாட்டினர் என்ற வகையில் அங்கே பொதுத்தேர்தலில் வாக்குரிமை உண்டு, ஆகவே நம்மவர் பலருக்கு இது வெறும் வேடிக்கை பார்க்கும் விஷயம் அல்ல.)

பொருளாதாரத்தில் விலைவாசியைவிட, ஆளுங்கட்சியின் திறமை மீதான நம்பிக்கை உடைந்த நாள் ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். 1992 செப்டம்பர் 16 அன்று ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று பிணைத்த செலாவணி ஏற்பாட்டிலிருந்து பவுண்டு வெளியேறியது. அதன்பின் பொருளாதாரம் நன்றாகவே மீண்டபோதிலும், 1997இல் பிளேர் 418 இடங்களில் வென்றார். 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசின் வரிக்குறைப்பு அறிவிப்பால் பவுண்டு சரிந்து, வீட்டுக்கடன் வட்டி எகிறியதும் அத்தகைய நாள்தான். புதிய பிரதமர் வந்தும் அந்தக் கறை போகவில்லை.

இப்போது தலைவருக்கு வரலாம். 1979இல் பிரதமர் ஜேம்ஸ் காலகன் தனிப்பட்ட செல்வாக்கில் தாட்சரை முந்தியிருந்தார். குளிர்கால வேலைநிறுத்தங்களால் வெறுத்துப் போயிருந்த மக்கள் தாட்சருக்கே வாக்களித்தார்கள். எனவே எதிர்க்கட்சித் தலைவர் விரும்பப்பட வேண்டியதில்லை. ஆட்சியை ஒப்படைக்கலாம் என்ற அளவுக்கு அச்சம் தராதவராக இருந்தால் போதும். அவர் யாரை எதிர்கொள்ளப் போகிறார் என்பதும் மாறக்கூடியது. 1990 நவம்பரில் தாட்சரை நீக்கி மேஜரை அமர்த்தியதும் கின்னக்கின் முன்னிலை கரைந்தது. ஆளுங்கட்சி பிரதமரை மாற்றினால் உங்கள் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

2024 நவம்பரில் கன்சர்வேட்டிவ் தலைவரான கெமி பேடனாக்கை இந்த முறையில் நிறுத்திப் பாருங்கள். 2024இல் பெற்ற 121 இடங்களிலிருந்து 326க்குப் போக 205 இடங்கள் கூட வேண்டும்; பிளேரும் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் அவரது கட்சி அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களை இழக்க, ரிஃபார்ம் கட்சி 677 இடங்களைப் பிடித்தது. அதே நாளில் நடந்த ரன்கார்ன் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியை ஆறு வாக்குகளில் வீழ்த்தியதும் ரிஃபார்ம்தான். ஆளுங்கட்சிக்கு எதிரான கோபம் இருந்தும் அது அதிகாரபூர்வ எதிர்க்கட்சியின் பெட்டிக்குள் வந்து சேரவில்லை. ஆகவே அடுத்த பொதுத்தேர்தலுக்கான கடைசிக் கெடுவான 2029 ஆகஸ்டுவரை, அவரைப் பற்றிய ஒவ்வொரு கணிப்பிலும் முதலில் பார்க்க வேண்டிய எண் தொழிற்கட்சிக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி அல்ல, ஃபராஜுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி.