பீரோ மேலிருந்து இறங்கிய பூனை

நாய்க்குட்டி வந்த அன்றே எங்கள் பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. முதல் நாளே இரண்டையும் நேருக்கு நேர் விட்டது என் முட்டாள்தனம்.

மறுநாள் குட்டியைத் தனி அறைக்கு மாற்றினேன். அது படுத்த துண்டைப் பூனையின் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டேன். முகர்ந்தது, சீறியது, போய்விட்டது. நான்காம் நாள் பார்த்தால் அதன் மேலேயே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கிறது! பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு.

அதன்பின்தான் சந்திப்பு. குட்டி கயிற்றில், ஐந்தே நிமிடம். பூனையை விட்டு என்னைப் பார்த்தால் அதற்குத் தீனி. பூனை மலம் கழிக்கும் மணல் பெட்டியையும் உயரத்துக்கு மாற்றினேன்; குட்டி அதைக் கிளறித் தின்னப் பார்த்தது, கண்றாவி.

மூன்றாவது வாரம் குட்டியின் மூக்கில் ஒரு அறை விழுந்தது. நகம் வெளியே வரவில்லை. இப்போது ஒரே சோபா, ஆளுக்கொரு மூலை.