தாழ்மை என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சபையில் வாலிபர் பாடகர் குழுவைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள், இருபது வயதில் நான் செய்த அதே தவறுகளை அதே வார்த்தைகளோடு செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பெருமையடிப்பது, முதலிடம் தேடுவது இதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கண்டிக்கப்படுகிறது, அவற்றை விடுகிறேன். தாழ்மையின் பெயரில் நடக்கும் தவறுகளைத்தான் யாரும் சொல்வதில்லை.

தாலந்தைப் புதைத்துவிட்டு அதைத் தாழ்மை என்பது

அப்போது எங்கள் கோயிலில் ஒரு பெரியவர் ஆர்மோனியம் வாசித்துவந்தார். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டுகளுக்காவது இசைக்குறிப்புப் புத்தகம் உண்டு. நம் ராகத்தில் பாடும் கீர்த்தனைக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் பாட்டுக்கு மேல் அச்சிட்ட ராகமும் தாளமும்தான். மெட்டு ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டுத்தான் வரவேண்டும். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் வீட்டில் நன்றாகவே வாசிப்பேன், அது எனக்கும் தெரியும். இருந்தும், "எனக்குத் தகுதியில்லை ஐயா, என்னைவிட நல்லா வாசிக்கிறவங்க இருக்காங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் "எவ்வளவு தாழ்மையான பையன்" என்றார்கள். அது எனக்கு இனித்தது.

நான்கு வருடம் இப்படியே தட்டிக்கழித்தேன். நடுங்கும் கையோடு அவர்தான் வாசித்தார். அவர் மரித்த பிறகு வந்த லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், அவர் வாசிக்கும் இரண்டு பழைய மெட்டுகள் எங்களில் ஒருவருக்கும் முழுதாக வரவில்லை. இன்றுவரை அந்தப் பாட்டுகளை வேறு மெட்டில்தான் பாடுகிறோம்.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. தவறாக வாசித்து நாலு பேர் முன் அவமானப்படுவோமோ என்ற பயம்தான் அன்று இருந்தது. அதற்குத் தாழ்மை என்று பேர் வைத்துக்கொண்டேன். மத்தேயு 25-ல் இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த ஒரு தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவன் சொல்லும் காரணமும் பயம்தான். எகிப்திலிருந்து ஜனங்களை மீட்கப் போகச் சொன்னதற்கு, தான் திக்குவாயன் என்று மோசே மறுத்துக்கொண்டே போனபோது கர்த்தருக்குக் கோபம் மூண்டது. பூமியிலுள்ள எல்லாரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று பின்னால் பேர் வாங்கியதும் அதே மோசேதான். ஆனால் அது, ஜனங்களை வனாந்தரத்தில் நடத்திக்கொண்டிருந்த காலத்தில்.

சீஷர்களின் கால்களைக் கழுவிய இரவில் இயேசு, நீங்கள் என்னைப் போதகரென்றும் ஆண்டவரென்றும் சொல்வது சரியே என்றார். தாம் யாரென்று தெரிந்தேதான் அவர் சீலையைக் கட்டிக்கொண்டார். ரோமர் 12:3-ல் பவுலும், மிஞ்சி எண்ணாதே என்பதோடு நிறுத்தவில்லை, தெளிந்த எண்ணத்தோடு எண்ணச் சொல்கிறார். ஆகவே ஒருவர் உங்களைக் கேட்டால், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். அப்புறம் போய் உட்கார்ந்து வாசியுங்கள்.

இன்னொருவராக மாறப் பார்ப்பது

பிரசங்கம் பழகும் தம்பிமார் கன்வென்ஷன் பிரசங்கியாரின் குரலையே தங்கள் தொண்டையில் ஏற்றிக்கொள்கிறார்கள். கோலியாத்தோடு சண்டைக்குப் போகுமுன், சவுல் ராஜா உடுத்திவிட்ட கவசத்தைத் தாவீது கழற்றி வைத்துவிட்டுத்தான் கூழாங்கல் பொறுக்கப் போனான். 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் கம்பனைப் படித்து வளர்ந்தவர். அந்தப் புலமையை அவர் உதறவில்லை, அதைக்கொண்டே இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காவியத்தைப் பாடினார். உங்கள் ஊர், உங்கள் படிப்பு, உங்கள் குரல், எல்லாம் தேவன் தந்தவை.

பாராட்டினால் மறுத்து வாதாடுவது

நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

அடக்கிவைத்துத் தாழ்மை கற்பிப்பது

இது பெரியவர்களுக்கு. பிள்ளை தவறாக வாசித்தால் சபைக்கு நடுவே திருத்தாதீர்கள். ஆராதனை முடியட்டும். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே" என்று போன வருடம் சொன்ன ஒரு தங்கச்சி, இப்போது ஞாயிறுதோறும் ஒரு கீர்த்தனை வாசிக்கிறாள். சரணத்தில் இன்னும் வேகம் கூடிவிடுகிறது. போன வாரமும் கூடியது, நாங்கள் அவளோடு சேர்ந்து வேகமாகவே பாடினோம்.