பிறக்காத டேப்லெட்டுக்குப் பெயர் சூட்டுவோர் கவனத்திற்கு

பினாங்கில் கொம்தாருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பேசிக் கடையின் கல்லாவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். கடையில் இருந்த பொருளைப் பற்றி என்னிடம் கேட்டவர்களைவிட, இன்னும் வராத பொருளைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். போன வாரம் தங்கை மகனும் அதையே கேட்டான். "அடுத்து வரும் டேப்லெட் மடங்குமாம் மாமா. அதுவரை எதையும் வாங்கக் கூடாதாம்." யார் சொன்னது என்றேன். "எல்லாரும்தான் மாமா."

முதல் தவறு அந்த 'எல்லாரும்'தான். கறுப்பாக வாந்தி எடுத்தவனைப் பற்றிய செய்தி ஊர்க்கோடிக்குப் போவதற்குள், காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று மாறிய கதை நமக்குத் தெரியும். புதுக் கருவிகளைப் பற்றிய செய்தியும் அப்படித்தான் பறக்கிறது. இருபது தளங்கள் ஒன்றையே எழுதினால் அது இருபது சாட்சிகள் ஆகாது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வாயில் போய் நிற்கும். முதல் வாய் "இருக்கக்கூடும்" என்று சொல்லியிருக்கும். நான்காவது வாய் அதை "இருக்கும்" ஆக்கியிருக்கும். காணொளியாக நம் கைக்கு வரும்போது அது "உறுதி" ஆகிவிடும். எனவே, அந்த முதல் ஆள் எதைப் பார்த்தார் என்பதைத் தேடுங்கள். உதிரிபாகத்தையா, ஆவணத்தையா, அல்லது அவரும் காதால் கேட்டதுதானா?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. இந்தக் கருவி யாருக்காக, எதற்காக என்று கேட்காமல், கேமரா எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்று அடுக்கத் தொடங்குவது. 2010 ஜனவரிக்கு முந்தைய மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஆப்பிள் ஒரு டேப்லெட்டை, அதாவது தட்டைக் கணினியைக் கொண்டுவரப் போகிறது என்று உலகமே பேசியது. பிள்ளை பிறக்கும் முன்பே 'ஐஸ்லேட்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும் என்றார்கள். கேமரா இருக்கும் என்றே பலரும் எண்ணினார்கள். ஜனவரி 27 அன்று வந்ததோ 9.7 அங்குலத் திரையுடன் ஐபேட். தொடக்க விலை 499 டாலர். கேமரா கிடையாது, அது அடுத்த ஆண்டு ஐபேட் 2-இல்தான் வந்தது.

ஏன் இவ்வளவு பிசகியது? ஊகித்தவர்களின் மனத்தில் இருந்தது விசைப்பலகை கழற்றிய மடிக்கணினி. 2002-இல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த டேப்லெட் பிசி அந்தப் படத்தை அங்கே பதித்திருந்தது. ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸோ மேடையில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஐபேடை இயக்கிக் காட்டினார். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் மூன்றாவது கருவிக்கு இடம் உண்டா என்று கேட்டார். இணையம், மின்னஞ்சல், படம், காணொளி, பாட்டு, விளையாட்டு, மின்னூல் ஆகியவற்றை அவ்விரண்டையும்விட நன்றாகச் செய்தால் மட்டுமே உண்டு என்றும் சொன்னார். சோபாவில் சாய்ந்திருப்பவருக்கான கருவி என்று பிடிபட்டுவிட்டால், கணினியின் இயங்குதளத்தை விட்டுவிட்டு ஐபோனின் இயங்குதளத்தை அதில் போட்டது ஏன் என்பதும் பிடிபட்டுவிடும்.

அமேசானின் கிண்டில் ஃபயர் இன்னும் தெளிவான பாடம். 2011 நவம்பரில் 199 டாலருக்கு வந்தது. ஏழு அங்குலம், 8 ஜிபி சேமிப்பிடம். கேமராவும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. அம்சப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் இது ஏழையின் ஐபேட் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அமேசான் என்ன விற்கிறது என்று கேட்டிருந்தால் போதும். புத்தகம், படம், பாட்டு. அதற்கு ஒரு கடை வாசல் வேண்டும், அவ்வளவுதான். கடை வாசலுக்குக் கேமரா எதற்கு? மக்கள் கருவியை வாங்கும்போது அல்ல, அதைப் பயன்படுத்தும்போதுதான் சம்பாதிக்க விரும்புகிறோம் என்று அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் 2012-இல் வெளிப்படையாகவே சொன்னார். இதே கேள்வி நமக்கு இன்னொன்றையும் சொல்லியிருக்கும். அந்த வாசல் அமெரிக்காவில் திறந்த வாசல். முதலில் அங்கு மட்டுமே விற்றார்கள். இங்கே பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இருப்பவர் அதை வரவழைத்து வாங்கினால், கடை இல்லாத வாசல்தான் கைக்கு வரும்.

நோக்கம் என்றதும் நம் வீட்டு நோக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்காக வாங்குகிறவர்கள்கூட, அடுத்த மாடல் எத்தனை மில்லிமீட்டர் மெலியும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதில் தமிழ் எழுத முடியுமா, எந்த விசைமுகத்தில் என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சலை 1985-லேயே தொடங்கி, பிறகு கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அப்படியிருந்தும் இந்தக் கேள்வி நமக்கு முதலில் தோன்றுவதில்லை! 2024-இல் வந்த ஐபேட் ப்ரோ ஒன்றின் தடிமன் 5.1 மில்லிமீட்டர்தான். ஐபேடில் ஆப்பிளின் சொந்தக் கணிப்பான் செயலி வந்ததும் அதே ஆண்டில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகள்! என்ன இருக்கும் என்று ஊகிப்பவர்கள் என்ன இருக்காது என்று யோசிப்பதே இல்லை.

நிறுவனம் "மாட்டோம்" என்று சொல்வதை அப்படியே நம்புவதும் தவறு. மக்களுக்கு விசைப்பலகைதான் வேண்டும், தட்டைக் கணினி செய்யும் எண்ணமில்லை என்று 2003-இல் சொன்னவரும் அதே ஜாப்ஸ்தான். 2007-இல், தொடுதிரைக்கு எழுதுகோல் யாருக்கு வேண்டும் என்று ஏளனம் செய்தார். 2010 அக்டோபரில், ஏழு அங்குலத் திரையைத் தொட வேண்டுமானால் விரல்களை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும் என்றார். அவர் மறைந்த மறு ஆண்டு 7.9 அங்குல ஐபேட் மினி வந்தது. 2015-இல் ஆப்பிள் பென்சில் என்ற எழுதுகோலும் வந்தது. அவர் பொய் சொன்னார் என்பதல்ல. இன்று கடையில் இருக்கும் சரக்கை விற்பதே நிறுவனத் தலைவரின் வேலை. அவருடைய 'இல்லை'யை 'இப்போதைக்கு இல்லை' என்று வாசிக்கப் பழகவேண்டும்.

காப்புரிமை வரைபடம் வெளியானால் பொருளே வந்துவிட்டது போலக் குதிப்பவர்களும் உண்டு. காப்புரிமை என்பது நிலத்துக்குப் போடும் வேலி. வேலி போட்டவர் எல்லாரும் வீடு கட்டுவதில்லை. மாதிரிக்கருவியும் அப்படியே. மைக்ரோசாப்டின் 'கூரியர்', புத்தகம் போல விரியும் இரட்டைத் திரையுடன், 2009-இல் கசிந்த படங்களில் அத்தனை அழகாக இருந்தது. 2010 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இதில் தனி நோய் ஒன்று உண்டு. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். "என் மச்சான் தொழிற்சாலையில்தான் இருக்கிறான், புதுச் சில்லு (சிப்) போகிறதாம்" என்ற பேச்சுக்கு இங்கே தனி மரியாதை. சௌராஸ்தா சந்தையில் விடியற்காலையில் இறால் கூடை இறங்குவதைப் பார்த்துவிட்டு, எந்த நாசி கண்டார் சோற்றுக் கடையில் இன்று என்ன குழம்பு என்று சொல்லிவிட முடியுமா? சில்லு ஒன்றுதான், அது கைப்பேசிக்கும் போகும், காருக்கும் போகும், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் போகும். ஆவணங்களில் ஓரளவு நம்பத்தக்கவை அனுமதிப் பதிவுகள். வானலையைப் பயன்படுத்தும் கருவியை இங்கே விற்க வேண்டுமென்றால் மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்றிதழ் வேண்டும். மாடல் எண் அங்கே தென்பட்டால் பொருள் வரும் என்று எண்ணலாம். அது மடங்குமா என்று அந்தப் பதிவிடம் கேட்காதீர்கள்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக: டாலர் விலையை அன்றைய ரிங்கிட் மதிப்பால் பெருக்கி மனத்தில் பூட்டிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் அங்குள்ள மாநில விற்பனை வரி சேராது. அறிவிப்புக்கும் இங்கே விற்பனைக்கும் இடையில் நாணய மதிப்பும் மாறும்.

இவ்வளவு பேசும் நான் ஏமாறாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். 2011-இல், அடுத்த ஐபோனின் முதுகு சரிந்து மெலிந்திருக்கும் என்று நம்பி உலகெங்கும் உறை செய்து குவித்தார்கள். அக்டோபரில் பழைய வடிவத்திலேயே ஐபோன் 4எஸ் வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவன், சில ஆண்டுகள் கழித்து அதே குழியில் விழுந்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, பிழை என்னுடையதுதான். கசிந்த அளவுகளை நம்பி, வரப்போகும் ஒரு தட்டைக் கணினிக்கு முந்நூறு உறைகள் வரவழைத்தேன். நம் ஊரில் முதலில் விற்கும் கடை என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. கருவி வந்தது. அளவு சரி, பொத்தான் மட்டும் மறுபக்கத்தில் இருந்தது.

முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உறைகளை ஒரு ரிங்கிட்டுக்குத் தள்ளிவிட்டோம். மிஞ்சியவற்றில் இரண்டு இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் அம்மா தண்ணீர்க் கட்டண ரசீதுகளைப் போட்டு வைத்திருக்கிறார்.