மீன் வாங்கும் முன் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மீன் வாங்கலாம் என்றுதான். மீனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் உப்புப் போடாத வெறும் தண்ணீரை நிரப்பி, எல்லாக் கருவிகளையும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, தொட்டிக்கு அடியில் பம்பும் மற்ற கருவிகளும் இருக்கும் சிறு தொட்டியான சம்ப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றிய ரிட்டர்ன் குழாய் அதே தண்ணீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். என் முதல் தொட்டியில் அந்தக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. நடு ராத்திரி கரண்ட் போனது. விடிந்து பார்த்தால் அறை முழுக்க உப்புத் தண்ணீர். இப்போது குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழேதான் வைக்கிறேன். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை இழுக்கும், ஓட்டம் நின்றுவிடும். காற்று புக, குழாயில் சின்னத் துளை போடுவதும் உண்டு. ஆனால் பாசி அடைத்துவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். இறங்கும் தண்ணீர் முழுவதும் சம்பில் கொள்ள வேண்டும். கொள்கிறது என்றால், பம்ப் ஓடும்போது சம்பில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது.

எல்லா ஒயரும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும்; வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம்.

ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அணையாமல் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பது. அதனால் 200 லிட்டர் தொட்டிக்கு ஒரே 200 வாட் வேண்டாம், 100 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று சிக்கினாலும் தொட்டி கொதித்துப்போகாது. 25, 26 டிகிரி போதும்.

நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரை, சம்பில் நீர்மட்டம் மாறாத தடுப்பில் வையுங்கள். புதிதில் சில நாள் கண்டபடி நுரைக்கும், அல்லது நுரைக்கவே நுரைக்காது. திருகிக்கொண்டே இருக்காதீர்கள், விட்டுவிடுங்கள். பழகியதும் வெள்ளைக் குமிழிகள் கழுத்தில் மெல்ல ஏறி, ஓரத்தில் உடைந்து, கோப்பையில் நாற்றமடிக்கும் பழுப்பு நீராகச் சேரும். அந்த நாற்றம் எனக்குப் பெரிய நிம்மதி. அவ்வளவு அழுக்கும் தொட்டியை விட்டு வெளியே வந்துவிட்டதே!

உப்பை ஆர்ஓ டிஐ தண்ணீரில், அதாவது கரைந்த உப்புகளெல்லாம் நீக்கிச் சுத்திகரித்த தண்ணீரில், தனி வாளியில் கரையுங்கள். அடர்த்தி 1.025. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) கரைசலில் சரிபாருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்ததை உப்புப் போடாத ஆர்ஓ டிஐ தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும்.

அதன் பிறகு பாறைகளை அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் முதல் மீனை விடலாம். ஒன்றே ஒன்று.