ஜீரோ சரியாக இருந்தால் போதுமா?

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் மைக்ரோமீட்டரை (திருகி மூடி, நுணுக்கமாகத் தடிமன் அளக்கும் கருவி) மூடி ஜீரோ காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்குங்கண்ணா" என்றான். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன். கீழே போடாதே, துடைத்து வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

ஸ்டிக்கரைப் பார்த்து நம்புவது

அப்போது கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். 13 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) h7. அதாவது 13.000-க்கும் 12.982-க்கும் நடுவே இருக்க வேண்டும். மொத்தமே 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.). 0.001 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர். ஜீரோ சரி, காலிபரேஷன் (லேபில் கருவியைச் சரிபார்ப்பது) ஸ்டிக்கரில் தேதியும் சரி. 12.988, 12.987 என்று அளந்து அளந்து 340 ஷாஃப்ட் அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்தது. நிஜ அளவு 12.979.

பெருத்திருந்தால் கிரைண்டிங்கில் ஒரு கட் எடுத்துச் சரிபண்ணலாம். சிறுத்துப்போனதை என்ன செய்ய? பழைய இரும்புக் கடைக்குத்தான் போனது.

அன்று ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன். லேப் கொடுத்த சர்டிபிகேட்டிலேயே 12.9 மி.மீ. வரிசையில் 9 மைக்ரான் கூடுதல் என்று அச்சாகியிருந்தது. மூன்று மாதமாக யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

ஸ்பிண்டிலின் (திருகும்போது முன்னும் பின்னும் நகரும் தண்டு) மரையில் அந்த 13 மி.மீ. பக்கம் மட்டும் பிழை இருந்தது. ஜீரோவிலும் கடைசி அளவான 25 மி.மீ.-லும் குறையே தெரியவில்லை. லேப்பின் வேலை பிழையை அளந்து எழுதுவது. அந்தப் பிழையோடு நம் வேலைக்கு அது ஆகுமா என்று முடிவெடுப்பது நாம்தான். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் பிழை இருந்தால் நல்லது. நடைமுறையில் கால் பங்கு வரை விடுவார்கள். எங்களுடையது பாதி!

ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவில் செய்த உலோகக் கட்டை) வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்க்கும்போதும் 5, 10, 15 என்று முழு எண்ணாக எடுக்காதீர்கள். மரை ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்வதால் திம்பிள் (கோடு போட்ட, கையால் சுற்றும் உருளை) ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில்தான் வந்து நிற்கும். 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று போனால் திம்பிளின் வெவ்வேறு இடங்கள் மாட்டும். அப்புறம், நீங்கள் தினமும் அளக்கும் அளவையும் ஒரு தடவை பாருங்கள்.

சூட்டோடு அளப்பது

அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை. லேத்திலிருந்து இறக்கிய 100 மி.மீ. அலுமினியம் அதைவிடப் பத்து டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் 23 மைக்ரான் அதிகம் காட்டும். டீ குடித்துவிட்டு வந்து அளங்கள். ஸ்லிப் கேஜை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசுவதும் இதே தப்புதான்.

பத்து மைக்ரான் வேலைக்கு வெர்னியர்

அதில் படிக்க முடிகிற மிகச் சின்ன அளவே (லீஸ்ட் கவுண்ட்) 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். வேண்டாம்.

ராட்செட்டை விட்டுத் திம்பிளைப் பிடித்து இறுக்குவது

ராட்செட் ஒரே அளவு அழுத்தத்தில் நழுவிவிடும். திம்பிளை இறுக்கினால் உங்கள் கை பலத்தை அளக்கிறீர்கள்.

இறுக மூடி வைப்பது

இரண்டு முகத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.