மும்பையின் ஈரக்காற்றில் பிரஷ்யத் தோல் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில், உச்சியில் பித்தளைக் கூர்முனை வைத்த கறுப்புத் தலைக்கவசம் கண்ணில் பட்டால், விலையைக் கேட்பதற்கு முன் அதைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். பிக்கெல்ஹௌபே என்னும் இந்த வகையை, பின்னாளில் ஜெர்மானியப் பேரரசின் மையமான பிரஷ்ய நாட்டின் படைக்கு 1842இல் அறிமுகப்படுத்தியவர் மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம். காலாட்படையினர் அணிந்தது இரும்பால் ஆனதன்று. மாட்டுத்தோலைப் பதனிட்டு, ஈரத்தோடு அச்சில் இழுத்து வடிவாக்கி, உலர்த்தி இறுக்கி, அதன்மேல் கறுப்பு வார்னிஷ் ஏற்றினார்கள். முன், பின் விளிம்புகளைத் தனித் தோலில் வெட்டித் தைத்தார்கள்.

இதன் நகல்கள் நம் நாட்டிலேயே செய்யப்படுவதால், வெளிப்பளபளப்பை நம்பக் கூடாது. முன்புறக் கழுகுச் சின்னம் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்: சிப்பாய்களுக்கு வழங்கியவற்றில் பெரும்பாலும் உள்ளே நீளும் உலோக வளையங்களில் தோல் ஆப்பு செருகப்பட்டிருக்கும், அதிகாரிகளுடையதில் திருகும் நட்டும் இருக்கும். 1897 முதல் வலப்புறம் ஜெர்மானியப் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டச் சின்னமும் இடப்புறம் அந்தந்த மாநிலத்தின் சின்னமும் பொருத்தப்பட்டன. முதல் உலகப் போர்க்காலத்து 1915 மாதிரியில் பித்தளைக்குப் பதிலாகச் சாம்பல்நிற எஃகும் கழற்றக்கூடிய கூர்முனையும் வந்தன. 1916இல் போர்முனையில் எஃகுக் கவசம் அதன் இடத்தைப் பிடித்தது.

வாங்கிய பின் நம் முதல் எதிரி மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரின் காற்றில் தோல் எளிதில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு அஞ்சி வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி, அதனோடு சேர்ந்து சுருங்க முடியாத வார்னிஷ் வெடித்துவிடும், அந்த வெடிப்பை எவராலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. காற்று ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி ஏற்ற இறக்கமின்றி வைப்பதே தலையாய வேலை. பகலில் ஏசி ஓடி இரவில் நிற்கும் அறையைவிட, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லும் சிறிய ஈரமானியும் வைத்த மூடிய கண்ணாடிப் பெட்டி மேலானது. பித்தளை தோலைத் தொடும் இடங்களில், தோலிலுள்ள கொழுப்போடு செம்பு வினைபுரிந்து மெழுகு போன்ற பச்சைக் களிம்பு படியும். அதை மூங்கில் குச்சியால் உலர்வாகவே மெதுவாகச் சுரண்டி எடுங்கள். பித்தளை துலக்கும் திரவம் தோலுக்குள் ஊறும், ஆண்டுகள் ஏற்றிய நிறத்தையும் அழித்துவிடும். தேங்காய் எண்ணெயும் ஷூ பாலிஷும் அறவே வேண்டாம். எண்ணெய் ஊறிய தோல் தளர்ந்து வடிவிழக்கும்.

உட்குழியில் அமிலமற்ற மென்தாளை உருட்டி நிரப்பி, எடை விளிம்பில் விழாதபடி நிறுத்துங்கள். விளிம்புத் தையல் விட்டிருந்தால், தாராவியில் தலைமுறையாகத் தோல்வேலை செய்யும் நம் தமிழ்க் கைவினைஞர் ஒருவரிடம் காட்டலாம். தோலைத் தடவியே அதன் பதத்தைச் சொல்லக்கூடிய கைகள் அவை. ஆனால் எஞ்சிய பழைய நூலைப் பிரிக்காமல், புதுத் துளை ஒன்றும் போடாமல், இருக்கும் துளைகளிலேயே மெழுகிட்ட நூலைக் கோக்கும்படி முன்னதாகவே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.